நாவற்குடா எச்சிங் பட்டறை: வேலை நன்று, தட்டு யாருடையது?

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்பவர்கள், நாவற்குடாவில் கடற்பக்கம் திரும்பும் ஓர் உள்வீதியில், பழைய ஓட்டு வீடொன்றின் விறாந்தையையும் இரண்டு அறைகளையும் சேர்த்து அமைத்திருக்கும் எச்சிங் பட்டறையை, அதாவது உலோகத் தகட்டில் கோடுகளை அரித்துப் படம் அச்சிடும் பட்டறையை, காணலாம். பெயர்ப்பலகை இன்னமும் மாட்டப்படவில்லை. வாசலில் சாய்த்து வைத்திருக்கும் பச்சை பிடித்த செப்புத் தகடொன்றுதான் அடையாளம். சனி, ஞாயிறுகளில் ஒருநாள் வகுப்பு நடக்கிறது. வாடிக்கையாளர் கொண்டு வரும் படத்தையோ ஒளிப்படத்தையோ தட்டில், அதாவது உலோகத் தகட்டில், கீறி அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். பட்டறையிலேயே உருவான அச்சோவியங்களையும் விறாந்தையில் விற்கிறார்கள். இந்த மூன்றையும் பயன்படுத்திய பின்னரே இதை எழுதுகிறேன். வேலையின் தரத்தைப் பற்றி நல்லதாகச் சொல்ல நிறைய இருக்கிறது. அந்த வேலை எத்தனை கைகளுக்குப் போய்ச் சேர வேண்டும், வேலை முடிந்த பின்னர் தட்டு யாரிடம் இருக்க வேண்டும் என்ற இரண்டு விடயங்களில் எனக்குப் பட்டறையோடு உடன்பாடில்லை.

எச்சிங் என்பதைப் பள்ளிக்கூடத்தில் உருளைக்கிழங்கிலும் வாழைத்தண்டிலும் மை தொட்டுப் பதித்த வேலையின் பெரிய வடிவமாக நினைத்து வருபவர்கள் முதல் மணித்தியாலத்திலேயே திருத்திக்கொள்கிறார்கள். அங்கே மேடான பகுதி மையைத் தாங்குகிறது. இங்கே பள்ளம் தாங்குகிறது. மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் தேன்மெழுகும் தாரும் பிசினும் கலந்த பூச்சை மெல்லியதாகப் பரப்பி, அது காய்ந்ததும் ஊசியால் வரைகிறார்கள். ஊசி செம்பை வெட்டுவதில்லை, பூச்சை மட்டுமே விலக்குகிறது. பிறகு தகட்டை அரிக்கும் கரைசலில் இறக்கும்போது, பூச்சு விலகிய கோடுகளில் மட்டும் உலோகம் அரிக்கப்பட்டுப் பள்ளமாகிறது. கிடக்கும் நேரம் கூடக்கூடக் கோடு ஆழமாகிறது. ஆழமான கோடு கூடுதல் மையைப் பிடித்துக் கறுப்பாகப் பதிகிறது. மெல்லிய கோடுகளை வேளைக்கே வெளியே எடுத்து வார்னிஷ் பூசி மறைத்துவிட்டு, மற்றவற்றை மேலும் அரிக்க விடலாம். தூரத்து மலைக்கும் கிட்டத்து மரத்துக்கும் இடையிலுள்ள வேறுபாடு இந்த நேரக் கணக்கினாலேயே உண்டாகிறது.

வகுப்பை நடத்துபவர், எல்லோரும் சேர் என்று அழைக்கும் நடுவயதுக்காரர், இந்த முறையின் வரலாற்றைப் போர்க்கவசத்திலிருந்து தொடங்குகிறார். அது சரியான தொடக்கம். ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க் நகரில் கவசங்களுக்கும் வாள்களுக்கும் அமிலத்தால் அலங்காரம் செய்துவந்த டானியல் ஹொப்ஃபர், 1500ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அதே வேலையை இரும்புத் தகட்டில் செய்து காகிதத்தில் அச்சிட்டார். ஜெர்மன் ஓவியர் அல்பிரெக்ட் டியூரர் 1515க்கும் 1518க்கும் இடையில் இரும்பில் ஆறு எச்சிங்குகளைச் செய்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டார். இரும்பு துருப்பிடிக்கும், கோடு கரடுமுரடாக வரும் என்பதால் செம்பு அந்த இடத்தைப் பிடித்தது. சேர் இவ்வளவோடு நிறுத்திவிடுகிறார். ஆனால் சமூகரீதியில் முக்கியமானது இதற்கு அடுத்த படிதான். உளியால் செம்பை நேரே செதுக்கும் பழைய முறைக்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும், ஆதலால் அது தொழிற்கூடங்களின் உள்வட்டத்துக்குள்ளேயே இருந்தது. எச்சிங்கில் வெட்டும் வேலையை அமிலம் பார்த்துக்கொள்வதால், வரையத் தெரிந்த எவரும் தட்டில் கை வைக்கலாம். 1645இல் பாரிசில் அச்சோவியர் ஆபிரகாம் போஸ் இந்த முறைக்குப் படங்களோடு கைந்நூல் எழுதி வெளியிட்டபோது தொழில் இரகசியம் என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை.

வகுப்புக் கட்டணம் 6,000 ரூபா. தகடு, மை, காகிதம், மதியச் சோறு எல்லாம் அதற்குள் அடக்கம் என்பதால் அதிகம் என்று சொல்ல மாட்டேன். காலையில் முதல் வேலை அரத்தால் தகட்டின் நான்கு விளிம்புகளையும் சரிவாக அராவுவது. இதைச் செய்யாமல் விட்டால் அச்சு இயந்திரத்தில் காகிதமும் கம்பளமும் அறுந்துபோகும். அடுத்து சோக்குத் தூளும் வினாகிரியும் கொண்டு எண்ணெய்ப்பசை போகத் தேய்க்க வேண்டும். கைரேகை பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது என்று சேர் சொல்வதோடு விடாமல், ரேகை பதிந்த பழைய தகடொன்றையும் அதிலிருந்து எடுத்த அச்சையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். அச்சில் அந்த இடம் அம்மைத் தழும்பு விழுந்த கன்னம்போல் கிடக்கிறது. இப்படிப் பழுதான தகடுகளைச் சேகரித்துப் பாடப்பொருளாக்கியிருப்பது இந்தப் பட்டறையின் மிகச் சிறந்த அம்சம். அரித்து மிகையானது, பூச்சு உரிந்தது, துடைப்பதில் அவசரப்பட்டது என ஒவ்வொன்றுக்கும் ஒரு தகடும் ஓர் அச்சும் சுவரில் தொங்குகின்றன.

மை பூசித் துடைக்கும் கட்டம் பொறுமையைச் சோதிப்பது. தடித்த மட்டைத் துண்டால் மையைக் கோடுகளுக்குள் அழுத்திவிட்டு, மேற்பரப்பில் மிஞ்சியதைக் கஞ்சி போட்டு மொரமொரப்பாக்கிய ஐதான துணியால் வட்டமாகத் துடைக்க வேண்டும். வெளிநாட்டில் இதற்கென விற்கும் துணிக்குப் பதிலாக, மருதமுனைக் கைத்தறியில் மிஞ்சும் ஐதான பருத்தித் துண்டுகளை இங்கே பயன்படுத்துகிறார்கள். கடைசியில் உள்ளங்கையால் ஒரு தடவை. உள்ளங்கையில் சோக்குத் தூள் தடவிக்கொண்டு சேரின் மனைவி துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கே அரைவாசிக் கட்டணத்தைக் கொடுக்கலாம். அவரை வகுப்பில் பேச விடாமல் துடைக்க மட்டும் விட்டிருப்பது ஏனென்று விளங்கவில்லை. அச்சு எடுக்கும்போது பிழை பிடிக்கும் கண் அவருக்குத்தான் இருக்கிறது.

இயந்திரத்தை உள்ளூர் லேத் பட்டறையொன்றில் செய்வித்திருக்கிறார்கள். இரண்டு உருக்கு உருளைகள், நடுவில் நகரும் தட்டம், மேலே மூன்று அடுக்குக் கம்பளம், பக்கத்தில் கப்பல் சுக்கானை ஒத்த பெரிய சில்லு. ஈரமாக்கி ஒற்றியெடுத்த பருத்திக் காகிதத்தைத் தகட்டின் மேல் வைத்துச் சில்லைச் சுற்றும்போது, அழுத்தம் காகிதத்தைக் கோட்டின் பள்ளத்துக்குள் இறக்கி மையை இழுத்தெடுக்கிறது. இரு பக்க அழுத்தமும் சமமாக இருக்கின்றதா என்பதே எச்சிங் இயந்திரத்துக்கான சோதனை. இங்கே நான் எடுத்த அச்சுகளில் இடது மூலைக்கும் வலது மூலைக்கும் கறுப்பில் வித்தியாசம் தெரியவில்லை. இறக்குமதி இயந்திரத்தின் விலையை நினைத்துப் பார்த்தால், உள்ளூர் இரும்பு வேலைக்காரரின் கைத்திறனுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சாயல் தரும் அக்குவாடின்ட் முறைக்கு ஒதுக்கிய நேரம் போதாது. நுண்ணிய பிசின் பொடியைத் தகட்டின் மேல் தூவி, கீழிருந்து சூடேற்றி ஒட்டச் செய்து, பொடிமணிகளுக்கு இடைப்பட்ட உலோகத்தை அரிக்க விடும் இந்த முறை 1760களில் பிரான்சில் லெ பிரின்ஸ் என்பவரின் கையில் ஓவியர்களுக்கு உகந்த கருவியாக முதிர்ந்தது. ஸ்பெயின் ஓவியர் கோயா அதைக் கொண்டு செய்ததை அதற்குப் பின்னர் எவரும் விஞ்சவில்லை என்பது என் எண்ணம். கோடு மட்டும் இருந்தால் காட்சி பகலாகவே இருக்கும். இரவையும் புகையையும் கிணற்றடி இருட்டையும் கொண்டு வருவது அக்குவாடின்ட்தான். வகுப்பில் இதைப் பின்னேரம் தேநீருக்குப் பிறகு அவசரமாகக் காட்டி முடித்துவிடுகிறார்கள். இதற்கென்று தனி நாள் வைத்துக் கூடுதலாக அறவிட்டாலும் மக்கள் வருவார்கள்.

ஐரோப்பியக் கைந்நூல்களில் உள்ள நேர அட்டவணைகள் இந்தக் கரையில் செல்லுபடியாகா. வெப்பம் கூடினால் அரிப்பு வேகமாகும், மெழுகுப் பூச்சு இளகும், ஊசி போன கோட்டின் ஓரங்கள் வழிந்து மூடிக்கொள்ளும். கடற்காற்றின் உப்பு மெருகேற்றிய செம்பை ஓரிரு நாளில் மங்கச் செய்துவிடும். பட்டறையில் பூச்சின் மெழுகைக் குறைத்துத் தாரையும் பிசினையும் கூட்டியிருக்கிறார்கள். அறையின் வெப்பநிலைக்கேற்ப எத்தனை நிமிடம் என்று தாங்களே பரீட்சித்து எழுதிய அட்டவணையைத் தொட்டிக்கு மேலே ஒட்டியிருக்கிறார்கள். வெப்பமான தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் மாதங்களுக்குத் தனி நிரலே இருக்கிறது. வேறோரிடத்திலிருந்து படித்து வந்ததை அப்படியே ஒப்பிக்காமல் இந்த ஊரின் காற்றோடு பொருத்தி எடுத்திருக்கும் இந்த ஒரு காகிதத்துக்காகவே இவர்களை நம்பலாம் என்று எனக்குப் பட்டது.

இரசாயனங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். தட்டார்கள் திராவகம் என்று சொல்லும் நைட்ரிக் அமிலத்தை இங்கே பயன்படுத்துவதில்லை. அது செம்போடு சேரும்போது கிளம்பும் செம்பழுப்புப் புகை நுரையீரலுக்கு ஆபத்தானது, மூடிய அறையில் அதைக் கையாள்வது அறிவீனம். அதற்குப் பதிலாக மின்னணுச் சுற்றுப்பலகை செய்பவர்கள் வாங்கும் பெரிக் குளோரைட்டை வைத்திருக்கிறார்கள். தொடக்கநிலை மாணவர்களுக்கு அச்சகங்கள் கழித்துவிடும் அலுமினியத் தகடுகளைக் கொடுத்து, மயில்துத்தமும் கறியுப்பும் கலந்த நீரில் அரிக்க வைக்கிறார்கள். இரண்டும் நச்சுப்புகை குறைந்தவை, மலிவானவை. ஆனால் நான் கவலையோடு கேட்ட கேள்விக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. செம்பு கரைந்து பச்சையாகிப்போன பழைய கரைசல் எங்கே போகிறது? சலவைச் சோடா போட்டு நொதுமலாக்கினால் செம்பு அடியில் மண்டியாக இறங்கிவிடும்; தெளிந்ததை வேறாக்கி, மண்டியைக் காயவைத்து அடைத்துப் பாதுகாப்பாக ஒப்படைக்க வேண்டும். இங்கே கொல்லையில் பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்கள் இரண்டு நிரம்பி நிற்கின்றன, மூடி ஒன்றுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. மாரியில் அந்தப் பக்கம் வெள்ளம் நிற்கும் இடம், சற்றுத் தள்ளி வாவி. மீனுக்கும் இறாலுக்கும் சிறிதளவு செம்பே நஞ்சு. வாவியை நம்பிச் சோறு உண்ணும் ஊரில் தொழில் நடத்துபவர்கள் இதைப் பிற்போடக் கூடாது.

மதியச் சாப்பாட்டுக்குப் பின்னர், எச்சிங்கை மக்கள் எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பற்றிய பேச்சு ஒன்று இருக்கிறது. ஒரு மணித்தியாலம் என்று போட்டிருக்கிறார்கள். நான் போன அன்று அதைத் தாண்டியும் நடந்தது, எவரும் எழும்பவில்லை. லொரேன் நாட்டவரான ஜாக் கலோ, பிரெஞ்சுப் படைகள் தன் மண்ணுக்குள் நுழைந்த 1633ஆம் ஆண்டில் போரின் அவலங்களை 18 சிறு தட்டுகளில் வெளியிட்டதைச் சொன்னார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உயரம். மரத்தில் தொங்கவிடப்பட்ட மனிதர்களை எண்ணுவதற்குக் கண்ணைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். அரண்மனைச் சுவரில் மாட்டும் போர் ஓவியம் தளபதியின் வெற்றியைக் காட்டும். கையில் பிடித்துப் பார்க்கும் இந்தச் சிறு தாள் கொள்ளையிடப்பட்ட வீட்டைக் காட்டியது. ஒல்லாந்து ஓவியர் ரெம்பிராண்ட் செய்த ஏறத்தாழ 300 எச்சிங்குகளில் பிச்சைக்காரர்களும் தெருவில் திரிபவர்களும் எத்தனையோ இடங்களில் வருகிறார்கள். அவருடைய தைல ஓவியத்தை ஒரு தடவையாவது நேரில் காணாத நாடுகளிலும் அவர் பெயர் பரவியது இந்தத் தாள்களால்.

ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் நெசவாளர் எழுச்சித் தொடரின் படியொன்றைக் கைக்குக் கை கொடுத்தார்கள். 1844இல் சிலேசிய நெசவாளர் கிளர்ந்ததை அடிப்படையாக வைத்த ஆறு தாள்கள். மூன்று கல்லச்சு, மூன்று எச்சிங். 1898இல் பெர்லினில் காட்சிக்கு வைத்தபோது பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட தங்கப் பதக்கத்தை ஜெர்மன் பேரரசர் கொடுக்க மறுத்துவிட்டார். கடைசித் தாளில், தறி நிற்கும் அறைக்குள் இறந்தவர்களைக் கொண்டு வந்து கிடத்துகிறார்கள். மருதமுனையில் நெசவுக் குடும்பமொன்றிலிருந்து வகுப்புக்கு வந்திருந்த தங்கச்சி ஒருவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, தறி வைத்த வீட்டில் மனிசருக்கு மிச்சமாகும் இடம் இவ்வளவுதான் என்று சொன்னார். படத்தைப் பற்றி அன்று சொல்லப்பட்டவற்றுள் கூர்மையான சொல் அதுவே.

குறை என்னவென்றால், பேச்சு முழுவதும் ஐரோப்பாவிலேயே நின்றுவிட்டது. 1916இல் வங்காளத்திலிருந்து புறப்பட்டுச் சிக்காகோவில் எச்சிங் கற்றுத் திரும்பிய முகுல் டே, வங்கப் பஞ்சத்தையும் உழவர் போராட்டத்தையும் நேரில் கண்டு வரைந்து பின்னாளில் தட்டின் மேற்பரப்பையே காயமாக்கிய சோம்நாத் ஹோர், பாரிசில் ஒரே தட்டில் பல நிறங்களைப் பிசுபிசுப்பின் வேறுபாட்டால் பிரித்து அச்சிடும் முறையை வளர்த்தெடுத்த ஆந்திரத்துக் கிருஷ்ணா ரெட்டி, இவர்களில் ஒருவர் பெயரும் வரவில்லை. நம் ஊரையே எடுத்துக்கொண்டாலும் சொல்ல இருக்கிறது. 1602இல் மட்டக்களப்புக் கரையில் இறங்கிக் கண்டிக்குப் போன ஒல்லாந்தக் கப்பற்தலைவர் வான் ஸ்பில்பெர்கன், கண்டி அரசன் முதலாம் விமலதர்மசூரியனைச் சந்தித்த காட்சி செப்புத் தகட்டிலிருந்தே ஐரோப்பாவுக்குப் பரவியது. 1672இல் ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயஸ் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்ட இலங்கை வருணனையும் செப்புத் தகட்டுப் படங்களால் நிறைந்தது. நம்மைப் பார்க்காதவர்கள் நம்மை அறிந்த பழைய படங்களில் பல இந்தத் தொழிலால் உண்டானவை, கீறிய கைகளோ நம்முடையவை அல்ல. நாவற்குடாவில் தகட்டை எடுத்து ஊசி பிடிக்கும்போது இதைச் சொல்லாமல் விடுவது பெரிய இழப்பு.

இனி, கேட்டுச் செய்விக்கும் வேலை. பட்டறைக்கு வருமானத்தின் பெரும்பகுதி இதிலிருந்தே வருகிறது. கலியாண அழைப்பு, பழைய வீடு, கோயில் கோபுரம், பள்ளிவாசல் முகப்பு என்று பலவும் வந்தாலும், அதிகம் வருவது உருவப்படம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று கடல் ஏறியபோது இந்தக் கரையில், கல்லடி, நாவலடியிலிருந்து அம்பாறை மாவட்டத்தின் மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு வரை, வீடுகளோடு படப்பெட்டிகளும் அல்பங்களும் போய்விட்டன. சில குடும்பங்களிடம் இறந்தவரின் முகமாக மிஞ்சியிருப்பது அடையாள அட்டையிலிருந்த சிறு படமொன்று, அதுவும் ஈரம்பட்டு உரிந்தது. அதைக் கணினியில் பெருப்பித்தால் புள்ளிகளே தெரியும். இங்கே சேரும், அவருடைய மனைவியும், உறவினரோடு உட்கார்ந்து பேசி, புருவம் எப்படி, காதோலை எது, சிரித்தால் எந்தப் பக்கம் குழி விழும் என்று கேட்டு வரைகிறார்கள். கோட்டில் எதை விடலாம், எதை விடக்கூடாது என்பதில் அவர்களுக்கு இருக்கும் நிதானம் பாராட்டத்தக்கது. யுத்த காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் படங்களோடு வருபவர்களும் உண்டு. அவர்களிடம் தகட்டு விலையை மட்டுமே வாங்குகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து கண்டேன்.

என் அம்மம்மாவின் படத்தைச் செய்வித்தேன். அரைத் தாள் அளவு, தகடும் ஆறு அச்சும் சேர்ந்து 22,000 ரூபா. ஒரு பிள்ளை கனடாவில், ஒருவர் சுவிசில், இருவர் ஊரில் என்று பிரிந்து கிடக்கும் குடும்பத்தில் மூத்தவர் வீட்டில் மூலப் படமும் மற்றவர்கள் வீட்டில் அதன் நகலும் தொங்குவது வழக்கம். எச்சிங்கில் அந்த ஏற்றத்தாழ்வு இல்லை. ஒவ்வொரு தாளும் தகட்டின் மேல் நேரே கிடந்து எழுந்தது, ஒவ்வொன்றும் மூலமே. வேலை சொன்ன தவணைக்கு முடிந்தது, முகம் முகமாகவே வந்திருக்கிறது. சித்தி கேட்டாவென்று மேலும் இரண்டு அச்சு எடுக்கக் கேட்டபோதுதான் சிக்கல். அதிக அச்சு எடுப்பதில்லை என்பது பட்டறையின் கொள்கையாம். தகட்டையாவது தாருங்கள் என்றேன். தகடு பட்டறைக்குரியது என்றார்கள். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் அப்படித்தான் இருக்கிறது.

இது சின்ன விடயமல்ல. தட்டை வைத்திருப்பவரே படத்தை வைத்திருப்பவர் என்பது இந்தத் தொழிலின் பழைய விதி. இலண்டனில் ஓவியர் வில்லியம் ஹோகார்த்தின் படங்களைக் கண்டவரெல்லாம் திருடிக் கீறி மலிவாக விற்றதால், அவர் சக கலைஞரோடு சேர்ந்து முறையிட்டு, 1735இல் நாடாளுமன்றத்தில் சட்டம் நிறைவேற்றுவித்தார். படத்தை உருவாக்கியவருக்கு 14 ஆண்டு உரிமை கிடைத்தது. கோயா 1799இல் சமூகத்தின் மூடத்தனங்களைச் சாடிய 80 தட்டுகளின் தொகுதியை மாட்ரிட்டில் தான் குடியிருந்த தெருவிலுள்ள வாசனைத் திரவியமும் மதுவும் விற்கும் கடையொன்றில் விற்பனைக்கு வைத்தார். விற்பனை நீடிக்காமல் போகவே 1803இல் அந்தத் தட்டுகளை அரசரிடம் ஒப்படைத்து, மகனுக்கு உதவித்தொகை பெற்றுக்கொண்டார். நெப்போலியனின் படையெடுப்பின்போது மக்கள் பட்டதை அவர் கீறிய தட்டுகள் அவர் உயிரோடு இருக்கும்வரை வெளிவரவேயில்லை. அவர் 1828இல் மறைந்து 35 ஆண்டுகள் கழித்து, 1863இல்தான் அச்சேறின. தட்டு பத்திரமாக இருந்ததால் படம் பிழைத்தது. அம்மம்மாவின் முகம் பதிந்த தகடு எங்கள் குடும்பத்திடம் இருக்க வேண்டும் என்று நான் கேட்பதன் நியாயம் இதுதான். வரைந்தவரின் உரிமையை நான் மறுக்கவில்லை. வேறொருவருக்கு அச்சிட்டு விற்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு தகட்டைக் கொடுக்கலாமே.

விறாந்தை விற்பனையிலும் இதே மனப்பான்மையைக் காண்கிறேன். பட்டறையின் சொந்தப் படைப்புகள் ஒவ்வொன்றும் பத்துப் பிரதிகளோடு நிறுத்தப்பட்டு, இலக்கமிட்டுக் கையொப்பமிட்டு, 14,000 ரூபாவுக்கு விற்கப்படுகின்றன. பத்து முடிந்ததும் தகட்டில் குறுக்கே கீறிப் பாழாக்கிவிடுகிறார்கள். வலை பின்னும் பெண்கள், உன்னிச்சையிலிருந்து வரும் வாய்க்கால், பெரியகல்லாற்றுச் சந்தி என்று ஊரைப் பற்றிய நல்ல படங்கள் இவை. ஊரவர் வீடுகளில் இவற்றைக் காண முடியாது. அமிலமில்லாமல் ஊசியால் நேரே கீறிய தட்டு சில பத்து அச்சுக்குள் தேய்ந்துவிடும் என்பது உண்மை. அமிலத்தால் அரித்த செப்புக் கோடு நூற்றுக்கணக்கான அச்சுகளைத் தாங்கும். பிரதிகளை இலக்கமிட்டு மட்டுப்படுத்துவது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சேகரிப்பாளரின் சந்தைக்காக நிலைத்த வழக்கம். அதற்கு முன்னர் மூன்றரை நூற்றாண்டுகளாக, வாங்குபவர் இருக்கும்வரையும் தட்டு தாங்கும்வரையும் அச்சிட்டுத் தள்ளினார்கள். அதனால்தான் கலோவும் ஹோகார்த்தும் கடைத்தெருவரை போனார்கள். கொழும்புக் காட்சியகத்துக்கு இலக்கமிட்ட பத்தை ஒதுக்கிவிட்டு, அதே தட்டிலிருந்து இலக்கமில்லாத பிரதிகளைச் சாதாரணக் காகிதத்தில் எடுத்து இரண்டாயிரம் ரூபாவுக்கு ஊரில் விற்றால் யாருக்கும் நட்டமில்லை. தபாலட்டை அளவில் 1,800 ரூபாவுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். அவை பாசிக்குடாவுக்குப் போகும் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்த மீனும் வெளிச்சவீடுமாக இருக்கின்றன, வேலையிலும் மெலிந்தவை.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. எச்சிங் என்ற பெயரில் கணினி அச்சைச் சொரசொரப்பான காகிதத்தில் எடுத்துச் சட்டமிட்டு விற்பது பெருகிவிட்டது. உண்மையான எச்சிங்கில் தகட்டின் விளிம்பு காகிதத்தில் அழுந்தி நாற்புறமும் ஒரு பள்ளக் கரையை விட்டிருக்கும். விரல் நுனியால் மெல்லத் தடவினால் மைக்கோடு காகிதத்துக்கு மேலே துருத்தி நிற்பது தெரியும். உருப்பெருக்குக் கண்ணாடியில் பார்த்தால் புள்ளிக்கூட்டம் தெரியாது, தொடர்ச்சியான கோடே தெரியும். நாவற்குடாப் பட்டறையில் விற்பவை இந்தச் சோதனைகளில் தேறுபவை. ஆனால் கரைசலால் அரித்தது எது, ஊசியால் நேரே கீறியது எது என்று எந்தத் தாளிலும் குறிப்பிடவில்லை. கேட்டால் மறைக்காமல் சொல்கிறார்கள், எழுதி வைத்தால் கேட்கத் தேவையிருக்காது.

வகுப்புக்குப் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை. அது சரியான முடிவு. கையுறையும் கண்ணாடியும் தருகிறார்கள், மையும் பெரிக் குளோரைட் கறையும் துணியை விட்டுப் போகாது என்பதால் பழைய உடுப்போடு போவது நல்லது. கார்த்திகை, மார்கழியில் ஈரமாக்கிய காகிதத்தில் பூஞ்சணம் பிடிப்பதாலும் அச்சு காயாததாலும் வேலை ஏறத்தாழ நின்றுவிடுகிறது. தைப்பொங்கலுக்குப் படம் வேண்டுமென்றால் புரட்டாதிக்குள் சொல்லிவிட வேண்டும். தகடு யாருக்கு, எத்தனை பிரதி என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்னர் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்துக்கொள்ளுங்கள்.